பார்தோலி 1928: வரிகொடாமையும் கொள்கை மாற்றமும்

சட்டமறுப்பு ஆள்வோரின் மனச்சாட்சியைத் தொட்டு அரசின் கொள்கையை மாற்றுகிறது என்ற விளக்கம் நம் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. காந்தியாரின் எழுத்துகளில் இதற்கு ஆதாரம் உண்டு. ஆனால், விளைவைச் சதவீதக் கணக்கில் அளந்து காட்டக்கூடிய அரிய நிகழ்வான பார்தோலிப் போராட்டத்தை நுணுகிப் பார்த்தால் இந்த விளக்கம் போதவில்லை. அங்கு அரசு இறங்கிவந்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஆணையை நிறைவேற்ற அதற்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. முன்வைக்கப்பட்ட கோரிக்கையும் அரசு தன் அதிகாரத்தைத் துறக்காமலே ஏற்கக்கூடியதாக இருந்தது.

சூரத் மாவட்டத்துப் பார்தோலித் தாலுகா ரயத்துவாரிப் பகுதி. அங்கு நிலவரியை மறுநிர்ணயம் செய்த அதிகாரி ஜெயகர் ஏறத்தாழ 30 சதவீத உயர்வைப் பரிந்துரைத்தார். நிர்ணய ஆணையர் ஆண்டர்சன் 29 என்றார். பம்பாய் அரசு 22 சதவீதத்தில் நின்றது. இதை எதிர்த்து வழக்காட உழவருக்கு வழியில்லை. 1876ஆம் ஆண்டின் பம்பாய் வருவாய் அதிகார வரம்புச் சட்டம், வரி நிர்ணயத்தின் அளவைக் கேள்விக்கு உட்படுத்தும் உரிமையை உரிமையியல் நீதிமன்றங்களிடமிருந்து விலக்கி வைத்திருந்தது. வரி விதித்தவரிடமே முறையிட வேண்டும்; தீர்ப்பும் அவரே சொல்வார். சட்டமறுப்பைச் சட்டத்தின் ஆட்சிக்கு எதிரானதாகக் காண்போர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். பார்தோலியில் சட்டமே முறையீட்டின் கதவை அடைத்திருந்தது.

1928 பிப்ரவரி 12 அன்று, உயர்த்தப்பட்ட வரியைக் கட்டுவதில்லை என்று உழவர்கள் உறுதி பூண்டனர். வல்லபாய் படேல் தலைமை ஏற்றார். அவர்கள் கேட்டது மிகச் சிறியது: நடுநிலையான விசாரணை வையுங்கள், அல்லது பழைய வரியையே வாங்கிக்கொள்ளுங்கள். சுயராச்சியம் என்ற பேச்சை அவர்கள் கோரிக்கையில் கலக்கவில்லை.

அரசிடம் கருவிகள் ஏராளம் இருந்தன: நோட்டீசு, ஜப்தி, ஏலம், நிலப் பறிமுதல். ஒவ்வொன்றும் செயல்பட ஊரில் ஒருவர் கைகொடுக்க வேண்டும். நம்மூர் மணியக்காரரையும் கர்ணத்தையும் ஒத்த பட்டேல்களிலும் தலாத்திகளிலும் பலர் பதவி விலகினர். அதிகாரிகள் வந்தபோது வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஏலம் கேட்க உள்ளூரார் முன்வரவில்லை. நிலத்தை வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளியூரார். அதை உழுவதற்கு ஆள் தேடுவது அவர்களுக்குப் பெரும்பாடாயிற்று. அரசின் பதிவேட்டில் நிலம் கைமாறியது, வயலில் மாறவில்லை. பார்தோலி வெற்றியின் உட்கரு இதுவே என்பது என் துணிபு.

ஆகஸ்டில் உடன்பாடு வந்தது. உயர்த்திய வரியை முதலில் கட்டினால்தான் விசாரணை என்று கவர்னர் லெஸ்லி வில்சன் நிபந்தனை விதித்திருந்தார். உழவர்கள் அதற்கு இணங்கவில்லை. நிபந்தனைகள் நிறைவேறும் என்று சூரத் பகுதிச் சட்டமன்ற உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்த கடிதம் இரு தரப்பின் மதிப்பையும் காத்தது. இதைச் சமரசம் என்று இழித்துரைப்போர் உண்டு. அரசு மதிப்பிழக்காமல் இறங்கிவர ஒரு படி அமைத்துத் தருவது சட்டமறுப்பின் பணிகளுள் ஒன்று என்றே நான் கருதுகிறேன். விசாரணை அலுவலர்கள் புரூம்ஃபீல்டும் மேக்ஸ்வெல்லும். 1922இல் அகமதாபாத்தில் காந்தியாருக்குச் சிறைத்தண்டனை விதித்த நீதிபதியே இந்தப் புரூம்ஃபீல்டு. நிர்ணயத்துக்கு அடிப்படையான குத்தகைக் கணக்குகள் நம்பத்தக்கனவல்ல என்று இருவரும் கண்டனர். அவர்கள் பரிந்துரைத்த உயர்வு 6.03 சதவீதம்.

இத்துடன் 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் சென்ற உப்பு யாத்திரையை ஒப்பிடலாம். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தோர்ன் எச்சரித்தார். ஊர்மக்கள் மறைவாக உணவளித்தனர். சோற்றுப் பொட்டலங்கள் வழியோர மரக்கிளைகளில் தொங்கின. ஆணை செல்லாக்காசானதில் தஞ்சை பார்தோலிக்குக் குறைந்ததன்று. ஆயினும் உப்புச் சட்டம் நீங்கவில்லை. 1931 மார்ச் 5 காந்தி–இர்வின் உடன்படிக்கை, உப்பு விளையும் இடங்களை அடுத்த ஊரார் தம் தேவைக்கு எடுக்கவும் தம் ஊர்களுக்குள் விற்கவும் மட்டும் இசைந்தது. உப்பு வரி 1947இல்தான் ஒழிந்தது. உப்பின் பெயரால் கேட்கப்பட்டது ஆட்சியுரிமை. அதைக் கொடுத்துவிட்டு ஆட்சியாக நீடிக்க எந்த அரசாலும் இயலாது. எனவே உப்புப் போரைக் கொள்கை மாற்றத்தின் அளவுகோலால் மட்டும் அளந்து தோல்வி என்பது பிழை. பார்தோலியின் 6.03ஐ மட்டும் வைத்து அதை முழு வெற்றி என்பதும் பிழையே.

பார்தோலியின் வயல்களில் உழைத்தவர்கள் துப்ளா சமூகத்து ஹாலிகள். கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளரிடம் கட்டுண்டவர்கள். ஏலம் போன நிலத்தை உழ ஆள் கிடைக்காதபடி போராட்டம் நின்றதில் இவர்களின் பங்கு பெரிது. ஆனால் அவர்களின் கூலியோ கடன்கட்டோ கோரிக்கையில் இடம்பெறவில்லை. நிலவுடைமையாளரும் ஹாலியும் பிரியக் கூடாது என்பதே தலைமையின் அறிவுரை. அரசு உழவரின் கையை நம்பியிருந்தது போலவே உழவர் ஹாலியின் கையை நம்பியிருந்தனர். முதல் சார்பை வெளிப்படுத்தி வென்ற இயக்கம் இரண்டாவதை மூடியே வைத்தது. 22 சதவீதம் 6.03 ஆனபோது மிச்சப்பட்ட பணம் நிலவுடைமையாளரிடமே தங்கியது.