'டாங்க்' என்னும் சொல்லும் வன்னிக் குளங்களும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை ஆங்கில ஆவணங்களிற் பயில்வோர், 'டாங்க்' என்னுஞ் சொல் எதிர்ப்படும் இடந்தோறும் சற்று நின்று செல்லுதல் வேண்டும்.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே இருவேறு கருத்துக்கள் உள. குசராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறித்த சொல்லே ஆங்கிலத்திற் புகுந்தது என்பர் ஒரு சாரார். தேங்கிய நீரைக் குறிக்கும் இலத்தீன் அடியிற் பிறந்த போர்த்துக்கேயச் சொல்லே மூலம் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் கலந்து வேரூன்றியது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இலங்கையை ஆண்ட ஆங்கிலேயர் எல்லா நீர்நிலைக்கும் இவ்வொரு சொல்லையே வழங்கினர். பாலியாறு மறித்த வவுனிக்குளமும் 'டாங்க்'; பத்துக் குடிகள் உழுதுண்ணும் சிற்றூர்க் குளமும் 'டாங்க்'. தமிழோ அவ்வாறு அமையவில்லை. இரணைமடு என்னும் பெயரில் மடு உண்டு. கணுக்கேணியிற் கேணி உண்டு. இரணை என்பது இரட்டை. மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. மேலும், குளம் என்றால் வன்னி உழவனுக்கு நீர் மட்டுமன்று. கட்டு, துருசு, வான், அலைகரை, கீழேயுள்ள வயல், அவ்வயலை நம்பிய ஊர் ஆகிய யாவும் அச்சொல்லில் அடங்கும். மாங்குளம், புளியங்குளம் என ஊர்கள் பெயர் பெற்றமையும் இதனாலன்றோ! கிளிநொச்சியுங்கூட, பெயரிற் குளம் இல்லாதிருப்பினும், 1936ஆம் ஆண்டின் குடியேற்றத்தின்பின் இரணைமடு நீரால் வளர்ந்த நகரேயாம். ஆங்கிலச் சொல் கொள்கலத்தைக் கண்டது, குடியைக் காணவில்லை.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் இச்சொல் வேறொரு திசையிற் சென்றது. 1915ஆம் ஆண்டின் இறுதியில், பிரித்தானியர் தாம் மறைவாகச் செய்த கவச ஊர்திக்கு, அது வெறும் நீர்க்கலம் என்று பிறர் எண்ணுமாறு இப்பெயரைச் சூட்டினர். 1916 செத்தெம்பர் 15ஆம் நாள் பிரான்சில், சொம் போர்க்களத்தில் அவ்வூர்தி முதன்முதலாக வெளிப்பட்டது. மறை நீங்கியும் பெயர் நீங்கவில்லை.

நெடுந்தொலைவிற் பிறந்த அவ்விரண்டாம் பொருள் வன்னிக்கும் வந்து சேர்ந்தது. 2009 சனவரியிற் கிளிநொச்சி இராணுவத்தின் கைப்பட்டபோது, நகரின் உயர்ந்த தண்ணீர்த் தாங்கி நிலத்தில் வீழ்ந்து கிடந்தது. பின்னும் நெடுநாள் அவ்வாறே கிடந்தது. அதே மாதத்திற் கல்மடுக்குளத்தின் கட்டும் உடைக்கப்பட்டது. அக்காலத்து ஆங்கிலக் குறிப்பொன்றில் 'டாங்க் அழிந்தது' என்று மட்டும் இருப்பின், அழிந்தது கவச ஊர்தியா, நகரத்தார் குடித்த நீரின் தாங்கியா, ஓர் ஊரின் குளமா? முதலாவதாயின் அது படையின் இழப்பு. மூன்றாவதாயின் வயலும் குடியும் இழந்தோரின் வழக்கு. அகராதியின் முதற்பொருளை எடுத்து மொழிபெயர்ப்பவன், அறியாமலே ஒரு கிராமத்தின் சாட்சியத்தை அழித்துவிடக்கூடும். ஆதலின் இடப்பெயரை நோக்காது இச்சொல்லைப் பெயர்த்தல் ஆகாது. கல்மடு என்று அருகில் எழுதப்பட்டிருப்பின், அப்பெயரில் நிற்கும் மடுவே பொருளைக் காட்டிவிடும்.