சர்க்கரையைக் கைவிட்ட ரங்கூன் கிருமி

யாங்கோனின் பபேடானுக்குச் சற்று மேற்கே இருக்கிறது ரங்கூன் பொது மருத்துவமனை. 1911-ல் அங்கு பிணப் பரிசோதனையில் புதிய நோயொன்றைக் கண்ட ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் 1912-ல் அதை அறிவித்தார்கள். இறந்தவர்களில் பலர் மார்ஃபினுக்கு அடிமைப்பட்ட ஏழைகள். இன்று அது மெலியாய்டோசிஸ்; விட்மோர் நோய் என்றும் சொல்வார்கள். கிருஷ்ணசாமியின் பெயர்தான் ஒட்டவில்லை!

காரணம், ஈரமண்ணில் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்னும் பாக்டீரியா. நீரிழிவுக்காரர்களை அதிகம் தாக்குவது. இதன் சாதுவான உறவு தாய்லாந்தென்சிஸ், அரபினோஸ் என்ற தாவரச் சர்க்கரையை உண்ணும். சூடோமல்லையோ அதற்கான மரபணுக்களை இழந்துவிட்டது. 2004-ல் ஆய்வாளர்கள் அவற்றை அதற்குள் திரும்பச் செலுத்தினார்கள். அரபினோஸில் வளர்த்தபோது, நம் செல்களுக்குள் நச்சுப் புரதங்களைச் செலுத்தும் 'ஊசி'யின் மரபணுக்கள் சில அடங்கின; ஹாம்ஸ்டர் எலிகளில் கிருமியின் வீரியமும் குறைந்தது. இரண்டு கிருமிகளையும் பிரித்தறிய ஆய்வகங்களில் உதவுவதும் இந்த அரபினோஸ்தான்.