வால்டாக்ஸ் ரோடு முதல் நம் தெரு வரை: சாலைக்குப் பணம் வந்த கதை



சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிப் போகும் வ.உ.சி. சாலையை ஆட்டோக்காரர் முதல் பார்சல் ஆபீஸ்காரர் வரை இன்றும் ‘வால்டாக்ஸ் ரோடு’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? வால் என்றால் மதில், டாக்ஸ் என்றால் வரி. 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டுத் திரும்பிய பிறகு, இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு மதில் எழுப்பியது. பாதுகாப்பு உள்ளே குடியிருப்பவர்களுக்குத்தானே, செலவையும் அவர்களே கொடுக்கட்டும் என்று ஒரு வரி போட நினைத்தது. மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வரி வசூலாகவே இல்லை. மதிலும் போய்விட்டது, ராயபுரம் பக்கம் ஒரு துண்டு மட்டும் மிச்சம். வசூலாகாத வரியின் பெயர் மட்டும் சாலையில் ஒட்டிக்கொண்டது.

“வரி கட்டுகிறோமே, நம் தெருவுக்கு எப்போது ரோடு?” என்று நம் சங்கக் கூட்டங்களில் ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் முன்னூறு வருட வயது. அதனால்தான் இந்த இதழில் கொஞ்சம் பழங்கதை.

சென்னை மாநகராட்சி தொடங்கியது 1688 செப்டம்பர் 29. நகர மண்டபம், சிறை, பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கு வரி போட்டுக்கொள்ள அதற்கு அதிகாரம் இருந்தது. ஊரார் அப்போதும் முகம் சுளித்தார்கள். பொதுப் பணிக்குப் பணம் எங்கிருந்து வரும்? சில சமயம் ஒரு தனி மனிதரின் பையிலிருந்து வந்தது. அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் முதல் பாலத்தைக் கட்டியவர் அரசு அதிகாரி அல்லர், கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். ஆண்டு 1726. சொந்தப் பணம் 30,000 வராகன் செலவழித்தார் என்பார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, பாலத்தைப் பராமரிக்க அவர் தனியாக 1,500 வராகன் ஒதுக்கியதுதான். திறப்பு விழாவோடு வேலை முடிந்துவிடாது என்று ஒரு வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது. மர்மலாங் பாலம் என்று அழைக்கப்பட்ட அது இருந்த இடத்தில்தான் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது.

ஆனால் கொடையாளி கட்டினால் கொடையாளி விரும்பிய இடத்தில்தான் கட்டுவார். உஸ்கானுக்குப் பரங்கிமலை மேல் பக்தி உண்டு. மலையேறும் படிகளைக் கட்டியதும் அவர்தான். மலைக்குப் போகிற வழியில் பாலம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. நல்ல வேளை, அது ஊருக்கே பொது வழியாகவும் இருந்தது.

வீட்டு வரியும் தெருவும் சட்டப்படி இணைந்தது 1793இல். பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்த ஆண்டு இயற்றிய சட்டம் சென்னை, கல்கத்தா, பம்பாய் மூன்று நகரங்களிலும் தெருக்களைச் சுத்தம் செய்யவும் பழுது பார்க்கவும் வீடுகள் மேல் வரி போட அனுமதித்தது. ஆண்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. நீங்கள் அரையாண்டுக்கு ஒரு முறை கட்டும் சொத்து வரிக்கு இது ஒரு கொள்ளுத் தாத்தா.

வரி போதவில்லை என்றால்? கல்கத்தாவில் லாட்டரி நடத்தினார்கள்! 1817 முதல் 1836 வரை லாட்டரி கமிட்டி என்றே ஒன்று இயங்கி, சீட்டு விற்ற பணத்தில் கார்ன்வாலிஸ் தெரு, காலேஜ் தெரு, வெல்லிங்டன் தெரு என்று நேரான, அகலமான சாலைகளைப் போட்டது. பரிசு யாருக்கோ, சாலை ஊருக்கு. இங்கிலாந்தில் லாட்டரிக்கு எதிர்ப்பு வலுத்ததும் அந்த வழி அடைபட்டது.

நம் காலத்துக்கு வருவோம். சென்னையில் 1998இல் சொத்து வரி மாற்றப்பட்டது. 2018இல் உயர்த்திய உயர்வு அடுத்த ஆண்டே நிறுத்தி வைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில்தான் அடுத்த உயர்வு நிலைத்தது. பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீதமும் 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதமும் ஒரே தாவலில் ஏறியது. நமக்கெல்லாம் வயிறு எரிந்தது உண்மைதான். ஆனால் இருபத்து நான்கு வருடத்தில் தாரும் ஜல்லியும் கூலியும் எவ்வளவு ஏறின என்பதையும் பார்க்க வேண்டும். வரி ஏறாத வருடங்களில் சாலைப் பணம் பெரும்பாலும் மேலிருந்து, திட்டங்களின் பெயரில் வந்தது. பணம் எங்கிருந்து வருகிறதோ, எந்தச் சாலை முதலில் என்ற முடிவும் அங்கிருந்தே வருகிறது.

இதற்கிடையில் ஊர் பெருத்துவிட்டது. 2011இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்ததும் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. மாநகராட்சிக் கணக்கில் பேருந்து தடச் சாலைகள் சுமார் 387 கிலோமீட்டர், உட்புறச் சாலைகள் சுமார் 5,270 கிலோமீட்டர். ஆயிரம் பேர் போகும் சாலைக்கு முதலிடம் என்பதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் நீங்களும் நானும் கதவைத் திறந்ததும் கால் வைப்பது அந்த 5,270இல்தான். அதிலும் புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால் எல்லாம் முடிந்த பிறகுதான் ரோடு என்பார்கள். அது நியாயமே. போட்ட ரோட்டை மறுமாதம் தோண்டுவதைவிடக் காத்திருப்பது மேல். ஆனால் எத்தனை வருடம் என்பதை யாராவது எழுத்தில் சொல்ல வேண்டாமா?

‘நமக்கு நாமே’ திட்டத்தைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். 1997-98இல் வந்த திட்டம் அது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். 2021இல் மீண்டும் உயிர் பெற்றது. நல்ல திட்டம்தான், என்றாலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பங்கு கொடுக்க முடிந்த தெருவுக்கு முதலில் வேலை நடக்கும். கால்வாய் ஓரம் வாடகைக்கு இருப்பவர்களின் தெரு அப்படியே கிடக்கும். உஸ்கான் காலத்துச் சிக்கல் வேறு உருவில் வந்து நிற்கிறது. நம் சங்கம் இதில் இறங்கினால் வசதியுள்ள இரண்டு தெருக்களின் பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து. நீங்கள் மறுக்கலாம், கூட்டத்தில் பேசுவோம்.

இன்னொன்று. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்டதால் வாசற்படி பள்ளமாகி மழைநீர் உள்ளே வரும் வீடுகள் நம் நகரிலேயே இருக்கின்றன. வேலை ஆரம்பிக்கும் அன்று காலை நீங்கள் வெளியே வந்து பார்க்க வேண்டியது இதைத்தான். தார் காய்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

2022 நவம்பர் 1இல் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. எந்தத் தெரு முதலில் என்று நாமும் வாய் திறக்க இப்போது ஒரு இடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் தெருவைப் பற்றி நான்கு விவரங்களைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்: கடைசியாக ரோடு போட்ட ஆண்டு, அதற்குப் பிறகு யார் யார் தோண்டினார்கள், மழைநீர் தேங்கும் இடம், தெருவில் நடக்க முடியாமல் சிரமப்படும் முதியவர்கள் எத்தனை பேர். படம் எடுத்திருந்தால் தேதியோடு கொடுக்கவும்.