நுங்கம்பாக்கத்தில் இருந்து ஒரு புதுக் கிரகம்

2015 ஜூலையில் கெப்ளர்-452பி என்ற கிரகத்தை நாசா அறிவித்தபோது, பூமிக்கு ஒரு பங்காளி கிடைத்துவிட்டான் என்று ஊரே பேசியது. அங்கே ஈர்ப்பு விசை இங்கே இருப்பதைப் போல இரண்டு மடங்கு என்றும் சொன்னார்கள். நம்ம பல்லடம் கறிக்கோழி 2 கிலோவை அங்கே ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டால் 4 கிலோ காட்டும். (தட்டுத் தராசில் அதே 2 கிலோதான், படிக்கல்லும் சேர்ந்து கனத்துவிடுமே!) மனிதன் போனால் தன்னைப் போல இன்னொரு ஆளைத் தோளில் சுமந்துகொண்டே திரிய வேண்டும். தலைக்கு ரத்தம் ஏற்றவே இதயம் திணறும்.

சரி, சுமார் 1800 ஒளியாண்டு தள்ளி இருப்பதை யார் எடை போட்டது? இதே மாதிரி ஒரு பழைய கதை நம்ம சென்னையிலேயே நடந்திருக்கிறது.

நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் கட்டிய வானாய்வுக் கூடம் இருந்தது. 1850-களில் அதன் தலைவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். 70 ஓஃபியூக்கி என்பது ஓர் இரட்டை நட்சத்திரம். சுமார் 17 ஒளியாண்டு தொலைவு. ஒன்றையொன்று சுற்றிவர 88 வருடம் ஆகும். கணக்கில் வந்த பாதையும் தொலைநோக்கியில் தெரிந்த இடமும் ஒத்துப்போகவில்லை என்று ஜேக்கப் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று இழுப்பதே பெரும்பாலும் காரணம் என்று 1855-ல் எழுதினார். அவர் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. யுரேனஸ் தடம் மாறியதை வைத்து நெப்டியூனைப் பிடித்து அப்போது ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது.

1890-களில் அமெரிக்காவின் டி. ஜே. ஜே. சீ என்பவரும் அதே கிரகம் உண்டு என்றார். 1899-ல் மோல்டன் கணக்குப் போட்டு, சீ சொல்வது போன்ற அமைப்பு நிலைத்தே நிற்காது என்று காட்டிவிட்டார். அதே 1899-ல்தான் சென்னையின் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குப் போனது.

கிரகம் பொய், ஆனால் வழி சரி! நட்சத்திரத்தின் அசைவை வைத்துத்தான் 1995-ல் மேயரும் கெலோவும் 51 பெகாசி நட்சத்திரத்துக்குக் கிரகம் இருப்பதைக் கண்டார்கள். 2019-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

கெப்ளர்-452பி விஷயத்தில் அந்த அசைவை யாரும் அளக்கவில்லை. 385 நாளுக்கு ஒருமுறை நட்சத்திர வெளிச்சம் துளி மங்கியது, அவ்வளவுதான். அதில் கிரகத்தின் அளவு தெரியும், பூமியைப் போல 1.6 மடங்கு. எடை தெரியாது. இந்த அளவில் பாறைக் கிரகம் என்றால் சுமார் 5 மடங்கு இருக்கலாம் என்று ஊகித்தார்கள். 5-ஐ 1.6-ன் வர்க்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய 2. அந்த 'இரண்டு மடங்கு' வந்த கதை இதுதான். காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஸ்டாக் எண்ணாமல் போட்ட பேலன்ஸ் ஷீட்!

2018-ல் இன்னொரு ஆய்வு வந்தது. அந்த மங்கல் தொலைநோக்கிக் கருவியின் கோளாறாகவும் இருக்கலாம், வேறு வழியில் சரிபார்க்காமல் அதை உறுதியான கிரகம் என்று ஏற்கக்கூடாது என்றது அது.