தீப்பொறியும் வேகமும்

மோட்டார் வண்டிக்கு விலையுயர்ந்த தீப்பொறிக் கருவியைப் பூட்டினால் அதன் ஆற்றல் பெருகுமா? ஃபோர்டு 'டி' மாடல் வண்டியின் வரலாற்றில் இதற்குத் தக்க விடை இருப்பதாக நான் கருதுகிறேன்.

1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் உற்பத்தியான இவ்வண்டி 20 குதிரைத்திறன் கொண்டது. நான்கு சிலிண்டர்களுக்கும் தனித்தனிக் காயில்; ஒவ்வொன்றிலும் அதிரும் தகடு ஒன்று. அத்தகடு மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது பொறி எழும். தகடு அசையச் சிறிது நேரம் செல்லும். நான்கும் ஒன்றுபோல் அசைவதுமில்லை. மெதுவாகச் சுழலும் எஞ்சினுக்கு அது பெருங்குறையன்று.

பின்னர், செவ்ரொலே சகோதரர்கள் இவ்வண்டிக்கென 'ஃப்ரான்டினாக்' சிலிண்டர் தலையைச் செய்து விற்றனர். அது பூண்ட ஃபோர்டு வண்டி 1923ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் ஐந்தாமிடம் பெற்றது. இத்தகைய எஞ்சினில் பெட்ரோல்-காற்றுக் கலவை மிகுதியாக நெருக்கப்படுகிறது. நெருக்கம் மிகுந்தால், பொறி இடைவெளியைத் தாண்ட உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். வேகம் மிகுந்தால், இமைப்பொழுதினும் குறைந்த தாமதமும் பிழையாகும். ஆகவே பந்தய எஞ்சின் செய்தோர் மாக்னெட்டோவை நாடினர்.

மாற்றப்படாத வண்டியிலோ அக்கருவி ஓட்டத்தைச் சற்றுச் சீராக்கலாம். புதிய ஆற்றலைப் படைக்காது. முறையாகப் பற்றிய எரிபொருளை இரண்டாம் முறை பற்றவைக்க இயலாதன்றோ?

ஐயம் எழுந்தால் செய்யத்தக்கது இதுவே: பழைய கருவியை முதலில் செம்மையாகச் சரிசெய்க. ஒரே மேட்டில் ஏறும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து குறித்துக்கொள்க. பிறகு கருவியை மட்டும் மாற்றி மீண்டும் அளந்து பார்க்க. ஒருங்கே இரண்டை மாற்றினால், பயன் எதனால் விளைந்தது என்பது விளங்காது.