செங்கல்பட்டுச் சீமையில் நிலவரியும் குடியுரிமையும்

சென்னையைச் சூழ்ந்திருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டம் பொன்னேரி, திருவள்ளூர், சைதாப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் ஆகிய வட்டங்களைக் கொண்டிருந்தது. 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் தனியாகப் பிரிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தென்னிந்தியாவில் முதலில் கைக்கொண்ட பெரிய நிலப்பரப்பு இதுவே. அதனால் நிலம், வரி, உழைப்பு பற்றிய ஆவணங்கள் இங்கே மற்றப் பகுதிகளைவிட அதிகம். அவற்றைப் படிக்கும்போது ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அரசின் வரிப் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே ஊரில் ஆளாக எண்ணப்பட்டார். நிலத்தில் உழைத்தவர், ஆனால் பதிவேட்டில் இல்லாதவர், வேறு வழிகளில் வரி கொடுத்தும் கணக்கில் வரவில்லை.

உத்திரமேரூரின் தகுதி விதி

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. குடவோலை முறைக்காக இவை பாடநூல்களில் பெரிதும் பேசப்படுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, குடும்புக்கு ஒருவர் குடவோலை வழி தேர்ந்தெடுக்கப்பட்டார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் நிற்க முடியாது. இன்றைய ஊராட்சிகளுக்கும் பொருந்தக்கூடிய கடுமையான விதி இது.

ஆனால் அதே கல்வெட்டின் முதல் தகுதியைப் பாடநூல்கள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. நிற்பவருக்குக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும்; வயது 35க்கு மேல், 70க்குள். ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். இது பிராமணர் ஊரின் சபை. மற்றவர் நுழைவது பற்றிய பேச்சே அங்கு எழவில்லை. எனினும் ஊரை ஆளும் உரிமை வரி கட்டும் நிலத்தோடும் சொந்த மனையோடும் கட்டப்பட்டிருந்தது என்பது தெளிவு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர் நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் வரி நீக்கிய நிலமாகக் குறிக்கப்படுகிறது. வரி இல்லை என்பது சலுகைபோலத் தோன்றும். நில உரிமையைக் காட்ட வரிச்சீட்டையே கேட்கும் சமூகத்தில் அந்தச் சலுகையால் சேரிக்குப் பயன் எதுவும் இல்லை.

களத்தில் பிரிந்த நெல்

1763இல் ஆற்காட்டு நவாபு முகமது அலி இந்தப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்த ஊர்க்கணக்குகளின் ஓலைப் பிரதிகளும் கிடைத்துள்ளன. விளைந்த நெல்லை அரசுக்கும் பயிரிட்டவருக்கும் பங்கிடும் முன்பே கோயில், கணக்கன், தச்சன், கொல்லன், வண்ணான், வெட்டியான் எனப் பலருக்கும் ஒரு பகுதி களத்திலேயே அளந்து கொடுக்கப்பட்டது. இந்தப் பங்குகளுக்கு மேரை, சுதந்திரம் என்று பெயர். இன்று விடுதலை என்ற பொருளில் வழங்கும் 'சுதந்திரம்' அன்றைய வருவாய்க் கணக்குகளில் சில மரக்கால் நெல்லைக் குறித்தது. 'குடிமகன்' என்ற சொல்லும் நாட்டுப்புறத்தில் நெடுங்காலம் ஊருக்கு ஊழியம் செய்யும் நாவிதரையே குறித்து வந்தது.

களத்துப் பங்கை இன்று சிலர் பொற்காலச் சமத்துவமாகக் காட்டுவதுண்டு. அது மிகைப்படுத்தல். பங்கு எல்லோருக்கும் இருந்தது. அளவும் மரியாதையும் சாதிக்கேற்ப மாறின. வயலுக்கு நீர் பாய்ச்சியவரும், எல்லைத் தகராறு வந்தால் எல்லையை நடந்து காட்டியவரும் வெட்டியானே. ஊரின் ஒவ்வொரு வரப்பையும் அறிந்திருந்த அவருக்கு அந்த வரப்புகளுக்குள் சொந்தமாக ஒன்றும் இல்லை.

மிராசு

ஊர் நிலத்தில் பரம்பரைப் பங்கு உடையவர்கள் மிராசுதாரர்கள் எனப்பட்டனர். 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் வரியை உயர்த்த முயன்றபோது, 1795-96இல் பல ஊர்களில் மிராசுதாரர்கள் தங்கள் பண்ணையாட்களையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டு வெளியேறினர். வரிக்கு எதிரான அக்காலத்து வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்லலாம். பண்ணையாள் எந்தப் பக்கம் நிற்க விரும்பினார் என்று கேட்டு எழுதி வைத்தவர் யாருமில்லை.

1802இல் ஜாகீரைச் சிறு ஜமீன்களாக்கி ஏலம் விட்ட ஏற்பாடு சில ஆண்டுகளிலேயே தோல்வி கண்டது. மிராசு உரிமை பற்றி பிரான்சிஸ் வைட் எல்லிஸ் எழுதிய விரிவான விடைகள் 1818இல் அச்சாயின. தமிழ்க் கல்வெட்டுகளையும் நூல்களையும் சான்றாகக் காட்டி அவர் மிராசை ஒரு முழுமையான தனிச்சொத்துரிமையாக நிலைநாட்டினார். எல்லிஸின் தமிழ்ப் புலமை போற்றத்தக்கது. ஆனால் அதன் பயன் மிராசுதாரருக்கே போய்ச் சேர்ந்தது. பின்னர் ரயத்துவாரி முறை வந்தது. தரிசு நிலத்தை எவரும் தர்க்காசு மனு எழுதிக் கேட்கலாம் என்பது அதன் அடிப்படை. செங்கல்பட்டில் மட்டும் ஒரு முட்டுக்கட்டை நின்றது: வெளியார் ஒருவர் தரிசைக் கேட்டால், ஊர் மிராசுதாரருக்கு அதை முந்திப் பெறும் உரிமை உண்டு. பறையர் ஒருவர் நான்கு ஏக்கர் மேட்டு நிலத்துக்கு மனுப் போட்டால், அதுவரை திரும்பிப் பாராத மிராசுதாரர் அன்றே அதற்கு வரி கட்டத் தயாராகிவிடுவார்.

1891ஆம் ஆண்டின் குறிப்பு

1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமைத்தனத்துக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை நீக்கியது. நடைமுறை வேறாக இருந்தது. 1891 அக்டோபரில் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த ஜே. எச். ஏ. டிரமென்கீர், மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அவர்கள் மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. திருமணச் செலவுக்கு வாங்கிய சில ரூபாய்க்காக ஒருவர் தன்னையும் தன் சந்ததியையும் பண்ணைக்கு எழுதிக்கொடுத்த பத்திரங்கள் இன்னும் வழக்கில் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அந்தக் குறிப்பின் கூர்மையான பகுதி குடிசை பற்றியது. சேரி நிற்கும் மனையும் மிராசுதாரருடையது என்றே கருதப்பட்டது. கூலி போதவில்லை என்று சொன்னால் குடிசையைக் காலி செய்ய வேண்டும். பணிய மறுக்க முடியாததற்கு அடியோடு இருந்த காரணம் இதுதான்.

பறையருக்குத் தரிசு நிலம் ஒதுக்க வேண்டும், குடியிருப்பு மனையில் உரிமை தர வேண்டும், பள்ளிகள் வேண்டும் என்பவை அவர் பரிந்துரைகள். செங்கல்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் இதற்காக எழுதி வந்தனர். வருவாய்த் துறையில் எதிர்ப்பு வலுத்தது. 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணை எண் 1010 கேட்டவற்றில் ஒரு பகுதியையே கொடுத்தது. அந்தப் பகுதியிலிருந்து வளர்ந்ததுதான் பஞ்சமி நிலம். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்ற நிபந்தனைகள் பின்னாளில் வாரிய நிலையாணைகளில் உறுதியாயின. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் அளவில் இவ்வாறு ஒதுக்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்த ஆணைக்குப் பிறகு சேரி மக்கள் பலரின் பெயர் முதன்முறையாகப் பட்டாவில் ஏறியது.

உப்பும் ஓட்டும்

நிலவரிப் பதிவேட்டில் இல்லாதவர் வரியே கட்டவில்லை என்று எண்ணுவது தவறு. மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்கள் பெயர் பெற்றவை. சென்னை மாகாணத்தில் உப்பு விற்பனை 1805 முதல் கம்பெனியின் தனியுரிமை ஆனது. 1923இல் சட்டமன்றம் மறுத்தும், வைசிராய் ரீடிங் தம் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு உப்பு வரியை மணங்கு ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக்கினார். மறு ஆண்டு அது பழைய அளவுக்கு இறக்கப்பட்டது. மிராசுதாரரும் பண்ணையாளும் ஏறக்குறைய ஒரே அளவு உப்பைத்தான் உண்கிறார்கள். வெயிலில் வேர்வை சிந்துபவருக்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். ஆகவே வருமானத்தோடு ஒப்பிட்டால் பெரிய சுமை கூலியாளுடையது.

இந்த வரிக்கு ரசீது கிடையாது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1920இல் நடந்த தேர்தலில் இது வெளிப்படையாயிற்று. கிராமப்புறத்தில் ஓட்டுரிமைக்கு முக்கியமான வழி, குறிப்பிட்ட மதிப்புள்ள நிலம் தன் பெயரில் பதிவாகியிருப்பது. வருமான வரி, உள்ளாட்சி வரிகள் கட்டுவோருக்கும் இடம் உண்டு. உப்புக்குக் கொடுத்த வரி எந்தக் கணக்கிலும் சேரவில்லை. 4 கோடிக்கும் மேற்பட்ட மக்களில் வாக்காளர் 12 லட்சத்தைச் சற்றே தாண்டினர், அதாவது நூற்றுக்கு மூவர். உத்திரமேரூர் விதி ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் வேறு உருவில் உயிரோடு இருந்தது.

ஒடுக்கப்பட்டோர் தம் வாக்கால் யாரையும் அனுப்ப முடியாத நிலையில், பரங்கிமலையைச் சேர்ந்த எம். சி. ராஜாவும் செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் நியமன உறுப்பினர்களாகவே சட்டமன்றத்துக்குள் சென்றனர். 1924இல் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது: பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் எந்த வகுப்பாரையும் தடுக்கக் கூடாது. எல்லோருடைய பணத்திலும் நடப்பவை எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற எளிய கணக்கைச் சொல்லச் சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்டது. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் சீனிவாசனும் சேர்ந்து கொடுத்த அறிக்கையின் முதல் நிபந்தனை சம குடியுரிமை. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்ற கோரிக்கையும் அதில் உண்டு. உப்பு வரி 1947இல் ஒழிந்தது. சொத்தையோ வரியையோ கேட்காத வாக்குரிமை அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பால் உறுதியாகி, 1952 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது.

காரணை

வாக்கு வந்தபின்னும் நிலம் நிலைக்கவில்லை. கடன், மிரட்டல், பெயர் மாற்றிப் பதிதல் என்ற பல வழிகளில் பஞ்சமி நிலம் கைமாறியது. 1980களில் நிலப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டபோது நிபந்தனைக் குறிப்புகள் பல ஊர்களில் விடுபட்டுப் போயின என்பது தலித் இயக்கங்களின் நீண்டநாள் புகார். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் விரிவடைய, ஒரு காலத்தில் யாரும் வேண்டாத மேட்டு நிலத்தின் விலை உயர்ந்தது.

மாமல்லபுரம் வட்டாரத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டம் 1994இல் எழுந்தது. மக்கள் அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தனர்; அது அகற்றப்பட்டது. அதைத் தொடர்ந்து அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் இறந்தனர். டிரமென்கீர் குறிப்பு எழுதிய அதே மாவட்டத்தில், அவர் எழுதி 103 ஆண்டுகளுக்குப் பின் நடந்த நிகழ்ச்சி இது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.

பூஞ்சேரி

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நரிக்குறவர்களும் இருளர்களும் வாழ்கின்றனர். பஞ்சமி நில வரலாற்றிலும் இவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஊசிமணி, பாசிமணி விற்றும் கூலி வேலை செய்தும் பிழைக்கும் இவர்கள் வாங்கும் பல பொருள்களில் 2017 முதல் சரக்கு, சேவை வரி அடங்கியிருக்கிறது. உப்புக்கு விலக்கு உண்டு. 2021இல் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் தமக்கு இடம் மறுக்கப்பட்டதாக ஒரு நரிக்குறவப் பெண் பேசிய காணொளி பரவியது. அறநிலையத் துறை அமைச்சர் அதே கோயிலில் அவரோடு அமர்ந்து உண்டார். நவம்பர் 4, தீபாவளி நாளில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கு வந்து வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை முதலியவற்றை வழங்கினார்.

பந்தியில் இடம் கேட்டவருக்குக் காகிதங்கள் ஏன் என்று தோன்றலாம். கடன் கேட்டால் முகவரி கேட்கிறார்கள். முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்குப் பட்டா வேண்டும். பிள்ளையின் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். வாக்குச்சாவடி கேட்காத சொந்த மனையை மற்ற அலுவலகங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2023 தொடக்கத்தில் சட்டமானது. பல பத்தாண்டுக் கோரிக்கை அது. இப்போது பூஞ்சேரியில் பட்டியல் மாறியதற்கேற்பப் பழைய சான்றிதழ்களுக்குப் பதில் புதியவை வாங்க வேண்டியிருக்கிறது.