கட்டுவிச்சியும் கட்டுவித்தியும்

களவொழுக்கத்தால் மெலிந்த மகளின் நோய்க்குக் காரணம் அறியத் தாய் நாடும் குறிகாரியைத் திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடல் 'கட்டுவிச்சி' என்கிறது. திருக்கோவையாரின் துறைத்தலைப்போ 'கட்டுவித்தி' என்கிறது. எது திருந்திய வடிவம் என்பது வெறும் எழுத்துப் பிரச்சினையாகத் தோன்றலாம். அறிவு எவருடைய உடைமையாகக் கொள்ளப்பட்டது என்ற வினா அதனுள் அடங்கியுள்ளது என்பதே நமது கருத்து.

வித்தை, விச்சை என்னும் வடசொற்றிரிபுகளைக் காட்டி, கட்டு என்னும் வித்தையை அறிந்தவள் எனப் பொருள் கொள்ளுதல் எளிது. ஆயின், மூதாட்டி ஒருத்தியின் தொழிலுக்கு ஏட்டுக் கல்வியாளரின் சொல்லே பெயர் தந்தது என்றாகிவிடும். நாம் வேறு வழியை நாடுகிறோம். கொடிச்சி, ஆய்ச்சி, குறத்தி, புலைத்தி என உழைக்கும் மகளிரின் பெயர்களில் ச்சி, த்தி ஆகிய இரண்டும் ஈறாக வருகின்றன. கட்டுவிச்சியும் அவ்வரிசையினள் ஆகலாம். இடைநிற்கும் வகரமே இடர். வேட்டுவன், வேட்டுவிச்சி என்னும் இணை அதற்கு ஓரளவு துணையாகும். (இகரத்தின் பின் தகரம் சகரமாதல் 'படிச்சு' என நாம் நாளும் பேசுவதே. ஏடெழுதியோர் அதனைக் கொச்சையெனக் கருதித் 'திருத்தி'யிருத்தலும் கூடும்.)

எழுத்துத் தீர்க்காததைத் தொழில் ஓரளவு தெளிவாக்குகிறது. தொல்காப்பியக் களவியல் கட்டினையும் கழங்கினையும் சேர்த்தே கூறும். நற்றிணை 288இல் முதுபெண்டின் முன் நெல் வைக்கப்பட்டுக் கட்டுக் கேட்கப்படுகிறது. நெல்லை நான்கு நான்காக எண்ணி, எஞ்சியவை ஒன்று, இரண்டு, மூன்றாயின் முருகணங்கு, நான்காயின் பிற நோய் எனக் கொள்வர் என்பது உரைவழி வரும் விளக்கம். சிறிய திருமடலில் அந்நெல் இருப்பது சுளகில். யாழ்ப்பாணத்துச் சமையலறைகளில் இன்றும் வழங்கும் அதே சொல். நெற்புடைத்தல் பெண்களின் நாளாந்த உழைப்பு. அவ்வுழைப்பின் கருவியும் பொருளுமே இங்குக் குறிக்கருவிகளாயின. சடங்கு உற்பத்தியினின்றும் பிரிந்துவிடாத நிலையின் எச்சம் இது.

நாளும் கோளும் கணித்த கணியின் வரலாறு வேறு. சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவனின் அவையில் ஆசானோடும் அமைச்சரோடும் சேர்த்து எண்ணப்படுபவன் பெருங்கணி. நாம் பேசும் மூதாட்டியோ மனையெல்லையைத் தாண்டவில்லை. எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது: வெறியாடும் வேலனை எள்ளி நகையாடும் சங்கச் செய்யுள்கள் பல, ஆனால் கட்டுக்காணும் இடத்தில் அமைந்த குறுந்தொகை 23இல், தோழி அகவன்மகளை எள்ளவில்லை. தலைவனின் குன்றத்தைப் பாடிய பாட்டை மீண்டும் பாடுமாறே வேண்டுகிறாள்.